மணாலியில் மழையா பனியா, முன்கூட்டியே சொல்ல முடியாதா?
ஜனவரியில் மணாலிக்கு எப்போதும் "மழை அல்லது பனி" என்றே முன்னறிவிப்பு வருகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் உயரம்தான். மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர், அதற்கு மேலே உள்ள ரோதாங் கணவாய் 3,978. மேற்கத்திய இடையூறு, அதாவது குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வந்து மழையும் பனியும் தரும் காற்றழுத்தத் தாழ்வு, வருவதைச் சில நாள் முன்பே சொல்லிவிடலாம். பனிக்கோடு, அதாவது பனி மழையாக மாறும் உயரம், எங்கே நிற்கும் என்பதுதான் கஷ்டம். காற்று 0 டிகிரியாக இருக்கும் உயரத்துக்குக் கீழேயும் பனிச்செதில்கள் முழுதாக உருகாமல் 200, 300 மீட்டர் இறங்கும். அப்புறம், மழை வலுத்தால், உருகும் பனியே சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சி அந்தக் கோட்டை இன்னும் கீழே இழுத்துவிடும். மாலையில் மழையாகத் தொடங்கியது ராத்திரி பனியாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். வானிலையைக் கணிக்கும் கணினி மாடலோ குறுகிய பள்ளத்தாக்கையும் சிகரத்தையும் சேர்த்துச் சராசரி உயரமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் உறைநிலை உயரத்தை, அதாவது காற்று 0 டிகிரியாக இருக்கும் உயரத்தை, பாருங்கள். அது 2,300 மீட்டருக்குக் கீழே வந்தால் மணாலியில் பனிக்கு நல்ல வாய்ப்பு.