இது என்ன கீரை? சாப்பிடலாமா?

செடியின் படத்தை அனுப்பிவிட்டு "சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டிருப்பவர்கள் பலர். படத்தைப் பார்த்து நான் யாருக்கும் "சாப்பிடலாம்" என்று சொல்வதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

பாலக், முட்டைக்கோஸ் தாண்டி எதுவும் சாப்பிட்டதில்லை. எதில் தொடங்கலாம்?

முளைக்கீரை, தண்டுக்கீரை, குப்பைக்கீரை ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். மூன்றும் அமராந்தஸ் என்ற ஒரே பேரினம். சுவை மென்மையானது, சீக்கிரம் வேகும், அடையாளம் தெரிந்துகொள்வதும் எளிது. குப்பைக்கீரைக்குப் பெயர் அப்படி என்பதற்காகக் குப்பைமேட்டில் முளைத்ததைப் பறித்துவிடாதீர்கள். உரம் மிகுந்த மண்ணில் இந்தக் கீரைகள் இலையில் நைட்ரேட்டைச் சேர்த்துக்கொள்ளும், கைக்குழந்தைகளுக்கு அது ஆகாது. முள்ளுக்கீரையும் இதே கூட்டம்தான். இளந்தளிராகப் பறித்தால் முள் தொல்லை இருக்காது.

அடுத்து முருங்கைக்கீரைக்குப் போகலாம். வழவழப்பு பிடிக்காதவர்கள் கொடிப்பசலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். புதிய கீரை எதுவானாலும் முதல் தடவை தனியாகச் சமையுங்கள். நான்கு கீரையைக் கலந்து வைத்துவிட்டு வயிறு வலித்தால் எதைக் குற்றம் சொல்வது?

ஆடும் முயலும் தின்கிற செடி நமக்கும் ஒத்துக்கொள்ளும்தானே?

ஒத்துக்கொள்ளாது. சில முயல்களின் உடலில் அட்ரோபின் என்ற நஞ்சைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதனால் அந்த நஞ்சுள்ள பெல்லடோனா செடியைத் தின்றுவிட்டு அவை பாட்டுக்கு ஓடும். நமக்கு அந்த நொதி கிடையாது. பூச்சி அரித்த இலை, பறவை கொத்திய பழம் என்பதெல்லாமும் இதே கதைதான்.

தொட்டியில் தானாக ஒரு படர்செடி வந்திருக்கிறது. கைபேசிச் செயலி "பருப்புக்கீரை" என்கிறது. பறிக்கலாமா?

செயலியால் தண்டை ஒடித்துப் பார்க்க முடியாது. உங்களால் முடியும், ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. அம்மான் பச்சரிசியின் உறவுக்கார யூபோர்பியா வகை ஏதோ ஒன்று, அதை விட்டுவிடுங்கள். அந்தப் பால் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பால் வரவில்லை என்பது மட்டும் போதாது. பருப்புக்கீரையின் தண்டு சதைப்பற்றோடு, மயிரில்லாமல், பெரும்பாலும் சிவப்போடியிருக்கும். இலை தடித்தது, கரண்டி வடிவம், கிளை நுனியில் கொத்தாகக் கூடியிருக்கும். சிறிய மஞ்சள் பூ வெயில் ஏறும்போது விரியும். சாரணை என்று இன்னொன்று உண்டு; தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அதில் எதிரெதிரே வரும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பூவும் மஞ்சளாக இருக்காது. பூக்கும் வரை பொறுத்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது. ஒரு வாரம் கீரை சாப்பிடாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. "பசலை" என்று ஒருவர் கொடியைச் சொல்வார், ஒருவர் தரையில் படரும் செடியைச் சொல்வார், இன்னொருவர் பாலக்கையே சொல்வார். அதனால் தாவரவியல் பெயரையும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பருப்புக்கீரை என்று இங்கே நான் சொல்வது போர்ட்டுலாகா ஒலரேசியா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். "ஒலரேசியா" என்றால் காய்கறித் தோட்டத்துக்கு உரியது என்று பொருள். பாலக்குக்கும் முட்டைக்கோஸுக்கும் பின்பெயர் அதுவேதான். களை என்று நாம் பிடுங்கி எறிவதை அவர் தோட்டப் பயிர்களோடு உட்கார வைத்திருக்கிறார்!

படத்தை நம்பிப் பதில் சொல்ல நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், கடையில் வாங்கிய இளம் பாலக்கைச் சாப்பிட்டவர்களுக்குக் கண்பாவை விரிந்து, வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, மனம் குழம்பிப் போனது. வயலில் களையாக முளைத்த ஊமத்தை வகைச் செடி அறுவடையில் கலந்துவிட்டதுதான் காரணம். தொழில்முறையாகப் பயிரிடும் இடத்திலேயே இப்படி நடக்கிறது. ஆகவே செடியை அடையாளம் கண்டதோடு நிறுத்தாமல், பறித்த கீரைக்கட்டை ஒவ்வொரு இலையாக ஆய்ந்துவிடுங்கள்.

சிறுநீரகக் கல் வந்து போனவன் நான். கீரையே கூடாதா?

எல்லாக் கீரையும் கூடாது என்றில்லை. சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட். பாலக், பருப்புக்கீரை, முளைக்கீரை வகைகள், புளியாரை இவற்றில் ஆக்சலேட் மிகுதி. முட்டைக்கோஸ், கேல் போன்றவற்றில் குறைவு.

ஆசையை விட முடியாவிட்டால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கரையக்கூடிய ஆக்சலேட்டில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். ஆவியில் வேகவைத்தால் இந்த அளவு குறையாது. "சத்தும் போய்விடுமே" என்பீர்கள். போகும்தான், வைட்டமின் சியும் ஃபோலேட்டும் கொஞ்சம் போகும். கல் வந்து துடித்தவருக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியாது. அதே வேளைச் சாப்பாட்டில் தயிரோ பாலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும். தினமும் பச்சைக்கீரையை அரைத்துச் சாறாகக் குடிக்கும் பழக்கம் மட்டும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேம்பு இலை சமைத்தேன். தொண்டை அரித்துத் தாங்க முடியவில்லை. ஏன்?

சரியாக வேகவில்லை. இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அது குத்துவதுதான் அந்த அரிப்பு. நானும் ஒருமுறை அவசரப்பட்டு அரைமணி நேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இலை குழைந்து போகும் வரை நன்றாக வேகட்டும்.

இன்னொன்றும் பாருங்கள். உண்ணும் சேம்பில் காம்பு இலையின் ஓரத்தில் சேராது, சற்று உள்ளே தள்ளி, இலையின் அடிப்பக்கத்தில் சேரும். காம்பு சரியாகப் பிளவின் விளிம்பில் சேர்ந்திருந்தால் அது அழகுக்கு வளர்க்கும் வேறு செடியாக இருக்கலாம். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாயா கீரையைப் பச்சையாக மிக்ஸியில் அரைத்துக் குடிக்கலாமா?

கூடவே கூடாது. அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. அரைக்கும்போதுதான் அது வேலையைத் தொடங்கும். மூடி போடாமல் 20 நிமிடம் கொதிக்க வைத்தால் ஆவியாகப் போய்விடும். மரவள்ளி இலையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாததுதான்.

சாலையோரத்திலும் குளக்கரையிலும் தளதளவென்று வளர்ந்திருக்கிறதே, பறிக்கலாமா?

சாலையோரம் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்தில் கடைசியாக நின்றது 2021இல்தான். மண்ணில் இறங்கிய ஈயம் அங்கேயே கிடக்கும், இலையில் படியும் தூசியிலும் இருக்கும். ரயில் பாதை ஓரத்தில் களைக்கொல்லி தெளிப்பார்கள்.

குளத்துச் செடிகளில் சிக்கல் வேறு. வள்ளைக்கீரை மாதிரி தண்ணீரில் வளர்பவற்றின் தண்டிலும் இலையிலும் தட்டைப்புழுக்களின் நுண்ணிய கூடுகள் ஒட்டியிருக்கலாம். கழுவினால் போகாது, வேகவைத்தால் சாகும். சாக்கடை கலக்காத தண்ணீரா என்று பார்த்துப் பறித்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரை சாப்பிடலாமா?

கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். புதிதாக எதையாவது நிறையச் சாப்பிடத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் தடவை எவ்வளவு சாப்பிடலாம்?

சந்தேகமில்லாமல் அடையாளம் தெரிந்த செடி என்றால், வேகவைத்தது இரண்டு மூன்று தேக்கரண்டி. அப்புறம் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பறித்ததில் ஒரு கொத்தை, பூவோ காயோ இருந்தால் அதோடு சேர்த்து, வேகவைக்காமல் ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் மருத்துவருக்கு அந்தக் கொத்துதான் உதவும். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லையென்றால் எடுத்துப் போட்டுவிடலாம்.