எங்கேர்ந்து எடுக்கப் போறீங்க தம்பி?

ஆச்சிக்கு வணக்கம். எனக்கு ஊரு தேவகோட்டை, காரைக்குடி நூறடி ரோட்டுல ஒரு மொபைல் கடையில வேலை. காலையில 9 மணிக்கு பைக்க எடுத்தா வீடு திரும்ப ராத்திரி ஒம்பதரை ஆயிடும். மூணு வருஷமா ஜனவரி 1 அன்னைக்குப் புது நோட்டுல வருஷ இலக்கு எழுதுறேன், பொங்கலோட நின்னுடுது. இந்த வருஷம் எழுதுனது: தினம் ஒரு மணி நேரம் ஓடணும், பேங்க் எக்ஸாமுக்கு 2 மணி நேரம், ஸ்போக்கன் இங்கிலீஷ் அரை மணி, கிதார் ஒரு மணி. 21 நாள் விடாம செஞ்சா எதுவும் பழக்கமாயிடும், நம்ம நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு 21 நூல் இழை எடுக்குறதே அதுக்குத்தான்னு ஒரு வீடியோல சொன்னாங்க. போன வருஷம் 23 நாள் ஓடினேன், 24வது நாள் எந்திரிக்கவே முடியல. என்கிட்டதான் ஏதோ குறையா ஆச்சி?
ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல, முதல்ல அத மனசுல போட்டுக்குங்க.

அந்த 21 நாள் கதை நம்ம நோன்புல இருந்து வந்ததில்ல. மாக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு அவங்க புது முகம் பழக குறைஞ்சது 21 நாளாச்சும் ஆகுதுன்னு 1960ல எழுதினாரு, 'குறைஞ்சது'ங்குற வார்த்தை வாய்மாறி வாய்மாறி காணாமப்போய் வெறும் 21 மட்டும் நின்னுடுச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2009ல வெளியிட்டாங்க. ஒரு சின்னப் பழக்கம் தானா வர்றதுக்கு அவங்களுக்குக் கிடைச்ச சராசரி 66 நாள், சிலருக்கு 18லயே வந்திருக்கு, சிலருக்கு 254 வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனவங்களுக்குப் பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலைங்குறதையும் அதுலயே பாத்தாங்க. அப்ப 24வது நாள் நீங்க படுத்துட்டீங்கன்னா என்ன, 25வது நாள் எந்திரிச்சிருக்கலாம், ஆனா 21 தாண்டியாச்சு நமக்கு வரலன்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. அந்த வீடியோ உங்களுக்குப் பண்ணுன கெடுதல் அதுதான், எனக்கு அதுல நெஜமாவே கோபம்.

நோன்ப அதோட சேத்தது அதவிட வருத்தம். திருக்கார்த்திகைக்கு மறுநாள்லேர்ந்து புதுத்துணியில தினம் ஒரு இழையா எடுத்து வச்சு, சஷ்டியும் சதயமும் கூடுற அன்னைக்கு அத்தனையும் திரியாக்கி, மாவுப்பிள்ளையார்ல வச்சு ஏத்தி, வீட்டுல பெரியவுக கையால வாங்கி சுடரோட வாயில போட்டுக்குறோம். பொரி, ஆவாரம்பூ எல்லாம் வச்சு வீடே கூடி நிக்கும். சிங்கப்பூர்ல இருக்குற நம்மாளுக கூட அன்னைக்கு ஒரு இடத்துல கூடி இழை எடுத்துக்குறாக. அது வேண்டுதல் தம்பி, அதுக்கு முடிவுநாள் உண்டு, 22வது நாள் யாரும் இழை எடுக்குறதில்ல. பழக்கத்துக்கு ட்ரெயினிங் குடுக்குறதுக்கு அத யாரும் வைக்கல.

சரி, உங்க நோட்டுக்கு வர்றேன். எங்க ஐயா பினாங்குல ஒரு கடையில அடுத்தாளா, அதாவது மேலாளுக்கு உதவியா இருந்தவுக, மூணு வருஷக் கணக்குல போய்ப்போய் வந்தவுக. அவுக கையெழுத்துல ஒரு கணக்குப் பேரேடு எங்கிட்ட இருக்கு. ஒரு ரூபா ஒரு பேர்ல வரவுன்னா அதே ரூபா இன்னொரு பேர்ல பற்று ஆகியிருக்கணும், ஐந்தொகை போட்டு, அதாவது வரவு பற்று ரெண்டையும் கூட்டிச் சரிபாக்குறப்ப ரெண்டும் நேராகலன்னா ராத்திரி பூரா உக்காந்து தேடுவாகளாம். உங்க நோட்டுல வரவு மட்டும்தான் இருக்கு. நான் கூட்டிப் பாத்தேன், நீங்க எழுதுனது மொத்தம் நாலரை மணி நேரம். கடைக்கும் பைக்குக்கும் பன்னெண்டரை போச்சு, தூக்கம் 7, மிச்சம் இருக்குறதே நாலரைதான். குளிக்கணும், சாப்பிடணும், ஆத்தாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும், அதுக்கெல்லாம் நேரம் எந்தப் பேர்ல பற்று? மனசுல உறுதி இல்லாம இது நிக்கல, கணக்கு நேராகாமத்தான் நின்னுச்சு.

இத நான் பட்டுத்தான் சொல்றேன். எங்க ஆயாகிட்ட உக்காந்து அவுக கல்யாணக் கதை, பலகாரப் பக்குவம், கொப்பனாபட்டிப் பக்கம் அவுக பிறந்த வீட்டுக் கதை எல்லாம் கேட்டு எழுதணும்னு மூணு ஜனவரி தொடர்ந்து எழுதினேன். எந்த நாள், எந்த வேலைய விட்டுட்டுன்னு ஒரு தடவை கூட எழுதல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு சும்மாத்தான் இருந்துச்சு, டிவி முன்னாடி போச்சு. ஒரு ஆடி மாசம் ஆயா போய்ட்டாக. மனகோலப் பலகாரத்துக்கு அவுக போடுற மாவு அளவு இன்னைக்கு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது.

அதனால இந்த வருஷம் நாலுல ஒண்ண மட்டும் வச்சுக்குங்க. எனக்கு பேங்க் எக்ஸாம்தான்னு தோணுது, உங்க கடிதத்துல அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கீங்க, ஆனா முடிவு உங்களோடது. ரெண்டு மணி நேரமும் வேணாம், ஒண்ணு போதும். நோட்ட நடுவுல கோடு போட்டு வலது பக்கம் அந்த ஒரு மணி நேரம் எதுலேர்ந்து வருதுன்னு எழுதுங்க, ராத்திரி பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் போன் பாக்குறதுன்னா அதயே எழுதுங்க, போன் சார்ஜர கூடத்துல மாட்டிட்டு படுக்க உள்ள போங்க. கிதார் எங்கயும் ஓடிப்போகாது. ஓடுறதுக்கு பதிலா கடையில மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு ஒரு நடை நடங்க, அதுக்கு நோட்டுல இடம் கூட வேணாம்.

ஜனவரி 1ல ஆரம்பிச்சா 66வது நாள் மார்ச் முதல் வாரத்துல வருது. அன்னைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்க, எத்தனை நாள் விட்டுச்சுன்னும் எழுதுங்க, அந்த வலது பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, ரெண்டு பேரும் சேந்து ஐந்தொகை போட்டுப் பாப்போம்.

அன்புடன்,
ஆச்சி