எந்த மீட்டரில் அளந்தது? மின்துறைச் சீர்திருத்தம்: கேள்வி பதில்

மின்விநியோகத்தில் வருவாய்ப் பிரிவிலும், பிறகு கட்டண விசாரணைகளிலும் காலம் தள்ளியவன் நான். வளரும் நாடுகளின் மின்துறைச் சீர்திருத்தம் பற்றிக் கேளுங்கள். சோலார் கம்பெனிப் பங்கு வாங்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தேன்மொழி: ஐயா, எல்லா நாட்டிலும் சீர்திருத்தம் ஒரே மாதிரி இருக்கிறதே, ஏன்?

அச்சு ஒன்று என்பதால்தான். 1982இல் சிலி சட்டம் போட்டு உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றையும் பிரிக்க ஆரம்பித்தது. 1990இல் பிரிட்டன் வந்தது. 1993இல் உலக வங்கி, மின்துறைக்குக் கடன் கேட்கும் நாடு இந்த வழியில் நடக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. வாரியத்தைப் பிரி, கட்டணத்தை முடிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையம் வை, தனியாரை விடு, கடைசியில் சந்தையைத் திற. பெரும்பாலான நாடுகள் பாதியில் நின்றுவிட்டன. இந்தோனேசியாவில் 2002இல் போட்ட சட்டத்தை 2004இல் அரசமைப்பு நீதிமன்றமே ரத்து செய்தது.

ஆணையம் வைப்பது சுலபம். கட்டடமும் பெயர்ப்பலகையும் போதும். தேர்தல் வருடத்தில் அந்த ஆணையம் கட்டணத்தை உயர்த்தி உத்தரவு போடுகிறதா என்று பாருங்கள், அது சுதந்திரமாக இயங்குகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கணக்கன்: சார், இழப்பு இழப்பு என்கிறார்கள். கம்பியில் போவதா, திருட்டா?

இரண்டும் உண்டு, மூன்றாவது ஒன்றும் உண்டு. துணைமின்நிலையத்திலிருந்து 100 யூனிட் கிளம்புகிறது. 80 யூனிட்டுக்குத்தான் பில் போகிறது. போன பில்லில் 90 சதவீதம் வசூல். கைக்கு வந்த காசு 72 யூனிட்டுக்கு, இழப்பு 28. இதில் கம்பி சூடாகிப் போவது ஒரு பங்குதான். மீதி கம்பியில் கொக்கி மாட்டித் திருடுவது, ஓடாத மீட்டர், அப்புறம் மனிதர்கள்.

ஒருமுறை ஒரு தெருவின் ரீடிங் பதிவேட்டில் 60 இணைப்புக்கு 22இல் ‘டோர் லாக்’ (வீடு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்கவில்லை) என்று எழுதியிருந்தது. தொடர்ந்து மூன்று ரீடிங்கிலும் அதே 22. சாயங்காலம் ஏழு மணிக்கு நானே போனேன். பூட்டிய வீடுகள் அத்தனையிலும் விளக்கு எரிந்தது. ஒன்றில் வெல்டிங் பட்டறை ஓடியது.

அன்றிலிருந்து யார் இழப்புக் கணக்கைக் காட்டினாலும் எந்த மீட்டரில் அளந்தது என்றுதான் முதலில் கேட்பேன். பம்புசெட்டுக்கு மீட்டரே இல்லாத இடத்தில் திருட்டு முழுவதையும் ‘விவசாயப் பயன்பாடு’ என்ற தலைப்பில் ஏற்றிவிடலாம். காகிதத்தில் இழப்பு குறைந்துவிடும்.

சந்தைநேசன்: தனியார்மயம் நல்லதா கெட்டதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

ஒரே சரக்கு இரண்டு ஊரில் எப்படிப் போனது என்று சொல்கிறேன். இந்தியாவில் முதலில் இறங்கியது ஒடிசா. 1996இல் வாரியத்தைப் பிரித்தார்கள், 1999இல் நான்கு விநியோக நிறுவனங்களையும் தனியாருக்குக் கொடுத்தார்கள். ஏலத்தில் காட்டிய இழப்பைவிட உள்ளே இருந்த இழப்பு அதிகம். (எந்த மீட்டரில் அளந்தது?) மத்தியப் பகுதியை ஏஇஎஸ் என்ற அமெரிக்க நிறுவனம் எடுத்துக்கொண்ட ஆண்டே அக்டோபரில் பெரும்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. 2001இல் அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். மற்ற மூன்றின் உரிமத்தை 2015இல் ஆணையம் ரத்து செய்தது.

2002இல் தில்லி. ஒடிசாவைப் பார்த்துப் பாடம் படித்திருந்தார்கள். யார் அதிக விலை கொடுப்பது என்று கேட்கவில்லை, ஐந்து வருடத்தில் யார் இழப்பை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார்கள். இடைக்காலப் பற்றாக்குறைக்கு அரசு சுமார் 3,450 கோடி ரூபாய் ஒதுக்கியது. 50 சதவீதத்துக்கு மேல் இருந்த இழப்பு இன்று 10க்குக் கீழே.

முன்னாள் ஃபோர்மேன்: அது தனியார் சாதனை இல்லை சார். அரசு காசில் நடந்தது. அந்தப் பணத்தை எங்களிடம் கொடுத்திருந்தால் நாங்களும் குறைத்திருப்போம்.

சந்தைநேசன்: அதற்கு முன் ஐம்பது வருடம் உங்களிடம்தானே இருந்தது? ஏன் குறைக்கவில்லை?

முன்னாள் ஃபோர்மேன்: கொக்கியை அறுக்கப் போனால் மேலிடத்திலிருந்து போன் வரும். எந்தக் கொக்கியை விடுவது என்று எங்களுக்கே சொல்லித்தருவார்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஃபோர்மேன் சொன்ன கடைசி வரியைக் கவனியுங்கள். தில்லியில் அந்த போன் நின்றது. எலக்ட்ரானிக் மீட்டர் வந்தது, இழப்பைக் குறைக்காவிட்டால் கம்பெனியின் சொந்தப் பணம் போகும் என்ற நிலை வந்தது. மூன்றையும் அரசு நிறுவனத்திலும் செய்யலாம், ஆனால் அந்த போனை யார் நிறுத்துவது?

சந்தைநேசன், நீங்களும் ரொம்பக் கொண்டாட வேண்டாம். தில்லியில் கட்டணத்தைச் செலவுக்கு ஏற்ப உயர்த்தாமல், ‘பிறகு வசூலித்துக்கொள்’ என்று ஆணையம் தள்ளிவைத்த தொகை 27,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தீர்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி மாறினாலும் கட்டணத்தை உயர்த்தும் பயம் மாறவில்லை.

நிலா: தனியார்மயத்தால் ஏழைகளுக்கு நல்லதா கெட்டதா?

மேலே பாருங்கள். ஏழைகளைப் பற்றி மட்டும் ஒன்று: வியட்நாமில் 1993இல் கிராம வீடுகளில் சுமார் 14 சதவீதத்துக்குத்தான் மின்சாரம். அடுத்த பதினைந்து ஆண்டில் 95ஐ நெருங்கியது. செய்தது அரசு நிறுவனம், கூடவே கம்யூன்களும் (அங்கே உள்ளூர் நிர்வாக அமைப்புகள்) கூட்டுறவுகளும்.

குமரன்: எங்கள் வீட்டு பில் இந்தமுறை இரட்டிப்பு. என்ன செய்யலாம்?

மீட்டரைச் சோதிக்கச் சொல்லி மனு கொடுங்கள். இங்கே அல்ல, உங்கள் பிரிவு அலுவலகத்தில்.

பயணி: பாகிஸ்தானில் மின்நிலையங்கள் அதிகமாம், ஆனாலும் மின்வெட்டாம். எப்படி?

இது நல்ல கேள்வி. 1994இல் தனியார் உற்பத்தியாளர்களை அழைத்தார்கள். முதல் பத்தாண்டுக்கு யூனிட்டுக்குச் சராசரியாக 6.5 அமெரிக்க சென்ட், விலை டாலரோடு கட்டியது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கு நிலைக்கட்டணம் கொடுக்க வேண்டும். பின்னால் கட்டிய நிலையங்களுக்கும் அதே மாதிரி ஒப்பந்தம். கீழே விநியோகத்தில் வசூல் இல்லை, மேலே டாலர் பில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி சுற்றிச் சுற்றி நிற்பதைத்தான் அங்கே ‘சுழல் கடன்’ என்கிறார்கள்.

கட்டணம் ஏறியதும் வசதியுள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுக்கொண்டார்கள். 2024இல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் பேனல் இறக்குமதி. நிலைக்கட்டணம் அப்படியே இருக்க, அதைச் சுமக்கும் தோள்கள் குறைந்துவிட்டன. ஒப்பந்தம் போடுமுன் அது எந்த நாணயத்தில், மின்சாரம் எடுக்காவிட்டால் எவ்வளவு என்ற இரண்டையும் படியுங்கள். மகாராஷ்டிரத்தில் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தாபோல் மின்நிலையம் 1999இல் ஓட ஆரம்பித்து, 2001இல் வாரியம் அதனிடம் வாங்குவதை நிறுத்தியதும் இதே கதைதான்.

மாலதி: ஆப்பிரிக்காவில் எங்காவது உருப்பட்டதா?

உகாண்டா. 2005இல் மின்விநியோகத்தை யூமீமே என்ற தனியார் நிறுவனத்துக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சுமார் 38 சதவீதம் இருந்த இழப்பு பாதிக்கும் கீழே வந்தது. கட்டணம் அதிகம் என்று கடைசிவரை முணுமுணுப்பு. 2025 மார்ச் 31இல் குத்தகை முடிந்து அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதில் தகராறு. கானாவில் 2019 மார்ச்சில் விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தது அக்டோபரிலேயே ரத்து. காரணம் உத்தரவாதப் பத்திரம் செல்லாதது. பத்திரத்தை ஒப்படைக்கும் முன்பே சரிபார்த்திருக்கலாம்.

அருள்: அப்படியானால் தனியார்மயம் வேண்டுமா, வேண்டாமா?

அருள், மேலே இரண்டு முறை இருக்கிறது.

வயல்வெளி: இலவச விவசாய மின்சாரம்தானே எல்லாவற்றையும் கெடுக்கிறது?

இலவசம் என்பதைவிட, அளக்காமல் கொடுப்பதும், அரசு மானியப் பணத்தை நேரத்துக்குக் கட்டாததும் கெடுக்கிறது. 2003இல் தொடங்கி குஜராத் பம்புசெட் பீடரை (துணைமின்நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதை) தனியாகப் பிரித்தது. பம்புக்கு எட்டு மணி நேரம் ஒழுங்கான மின்சாரம், வீட்டுக்கு நாள் முழுவதும் மும்முனை. அதன்பின் வயலுக்கு எவ்வளவு போகிறது என்று பீடர் மீட்டரே சொன்னது.

தனியார்மயம் நல்லதா என்று இன்னும் எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு நேரே ‘டோர் லாக்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.