“கட்டி” என்று வாயால் சொன்னால் விசுவாசம் போய்விடுமா?

தைராய்டில் கட்டி இருக்கிறது, ஊசி வைத்து எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சபையிலோ, “கட்டி என்று வாயால் சொல்லாதீர்கள், சுகமாகிவிட்டேன் என்று அறிக்கை செய்யுங்கள்” என்கிறார்கள். பயத்தைப் பேசாமல் விசுவாசத்தைப் பேசுவது என்றால் இதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதுவல்ல என்பதுதான் என் பதில். கட்டியைக் கட்டி என்றே சொல்லலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டும், வீட்டில் சொல்ல வேண்டும், ஆண்டவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் சபையார் சொல்வதில் ஒரு பாதி சரி. அதைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது.

சரியான பாதி எண்ணாகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. கானானை வேவு பார்க்கப் போன 12 பேரும் ஒரே தேசத்தைத்தான் பார்த்தார்கள். பட்டணங்கள் அரணிப்பானவை, அங்கே இராட்சதரான ஏனாக்கின் புத்திரர் இருக்கிறார்கள் என்று பத்துப் பேர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பேசப் பேச, எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்த கர்த்தர் பேச்சிலிருந்து காணாமல் போய்விட்டார். “நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்” என்பதில் போய் முடிந்தது. அன்று ராத்திரி முழுக்க ஜனங்கள் அழுதார்கள். அடுத்து, எகிப்துக்கே திரும்பிப் போக ஒரு தலைவனை ஏற்படுத்தலாம் என்கிற அளவுக்குப் பேச்சு முற்றிவிட்டது. ஒருவர் வாயிலிருந்து கிளம்பும் பயம் எத்தனை பேரைப் படுக்க வைக்கும் என்பதை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு இதே மாதிரிதான் வந்துச்சு, மூணே மாசம்...” என்று ஆரம்பிப்பவர் எல்லா வராண்டாவிலும் ஒருவர் இருப்பார்.

இனி, அந்த 12 பேரில் மீதி இருவரில் ஒருவரான காலேபைப் பாருங்கள். இராட்சதர்களே இல்லை என்று அவர் சொல்லவில்லை. “கர்த்தர் நம்மோடே இருக்கிறார், அவர்களுக்குப் பயப்படவேண்டியதில்லை” என்றார்கள் அவரும் யோசுவாவும். 45 வருடம் கழித்து, 85 வயதில், எபிரோன் மலைநாட்டைத் தனக்குத் தரும்படி யோசுவாவிடம் கேட்கிறார் காலேப் (யோசுவா 14). அப்போதும், அங்கே ஏனாக்கியர் இருக்கிறார்கள், அரணிப்பான பெரிய பட்டணங்கள் இருக்கின்றன என்று தன் வாயாலேயே சொல்லித்தான் கேட்கிறார். அவருடைய அறிக்கையில் எதிரியின் பெயரும் இருந்தது, கர்த்தரின் பெயரும் இருந்தது.

“நீங்கள் என் செவிகள் கேட்கச் சொன்னபிரகாரம் உங்களுக்குச் செய்வேன்” என்ற எண்ணாகமம் 14:28ஐ உங்களிடம் காட்டியிருப்பார்கள். வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னவர்களுக்கு வந்த தீர்ப்பு அல்ல அது. பத்து முறை தம்மைப் பரீட்சை பார்த்தார்கள் என்று அதே அதிகாரத்தில் கர்த்தரே சொல்கிறார். கானானைத் தருவேன் என்ற வாக்குத்தத்தத்தையே வேண்டாம் என்று தள்ளியவர்களுக்கு வந்தது அது. காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னவர்களுக்கு இல்லை.

என் அம்மாவின் பேச்சே பயம்தான். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒன்பது மணிக்குள் வரவில்லை என்றால் செல்போனும் கையுமாக வாசல் கேட்டில் நின்றுகொண்டு, “எங்க விழுந்து கிடக்கானோ தெரியலையே” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சபையில் உள்ள ஒரு பெரியம்மா ஒருநாள், “தெருவுல நின்னு சொல்லுததை அவருகிட்ட சொல்லேன் தாயி” என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பேச்சு பெரிதாக மாறிவிடவில்லை. அதே கேட், அதே செல்போன். “ஆண்டவரே, போனை எடுக்க மாட்டேங்கான், மழை வேற பெய்யுது, எனக்குப் பயமா இருக்கு, பிள்ளையப் பாத்துக்கிடும்.” அப்புறம் உள்ளே போய் ரசத்துக்குப் புளி கரைப்பார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் தெருவுக்குப் பரவவும் இல்லை. “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்று 56ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வதும் இதைத்தான். பயப்படாதவனுடைய வசனமல்ல அது. சங்கீதங்களில் பாதியை இப்படித்தான் படிக்க முடியும். பயம், புலம்பல், கோபம் எல்லாம் அப்படியே இருக்கும். எல்லாமே அவரைப் பார்த்துச் சொன்னவை.

நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். “அச்சானியமாப் பேசாதே” என்பது விசுவாசிகள் வீட்டில் மட்டும் கேட்கும் வசனமா என்ன? “போறேன்” என்று சொல்லாமல் “போயிட்டு வர்றேன்” என்கிற ஊர் இது. கெட்ட வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் பலித்துவிடும் என்ற பழைய அச்சம் வசனத்தைப் போர்த்திக்கொண்டு சபைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறக்கவே பயப்படுகிறவரை விசுவாசத்தில் பேசுகிறவர் என்று எப்படிச் சொல்வது? (“காய்ச்சல்” என்ற சொல்லை உச்சரிக்க மாட்டேன் என்று இருந்த சிலர்தான் 2021இல் தடுப்பூசியில் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666 இருக்கிறது என்ற வாட்ஸ்அப் ஆடியோவைக் குழு குழுவாக அனுப்பினார்கள். அது எந்த வகை அறிக்கையோ.)

இந்தக் கட்டுப்பாட்டின் மீதிப் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஈ. டபிள்யூ. கென்யன் (1867–1948) என்ற போதகர் எழுதியவற்றைக் கென்னத் ஹேகின் (1917–2003) என்ற இன்னொரு போதகர் எடுத்து வளர்த்துப் பரப்பினார். வாயால் அறிக்கை செய்வது கைக்கு வரும் என்பது அதன் சாரம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மாற்கு 11:23, மலையைப் பார்த்துப் பெயர்ந்து போ என்று சொன்னால் அப்படியே ஆகும் என்கிற வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: “தேவனிடத்தில் விசுவாசமுள்ளவர்களாயிருங்கள்.” என் வாக்கியத்தின்மேல் எனக்கு விசுவாசம் வேண்டும் என்று அங்கே இல்லை. வார்த்தைக்கே வல்லமை என்று வைத்துக்கொண்டால், சுகம் கிடைக்காதபோது குற்றம் நோயாளியின் வாய்மேல் விழும். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் “நீங்க விசுவாசமா பேசியிருக்கணும்” என்று ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கேள்விக்கு வேதத்தில் எனக்குப் பிடித்த இடம் அப்போஸ்தலர் 27. பவுல் கைதியாக ரோமுக்குப் போகிறார். கிரேத்தாவில் இருக்கும்போதே, இந்த யாத்திரை வேண்டாம், சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, நம் உயிருக்கும் சேதம் வரும் என்று எச்சரிக்கிறார். இன்று சில சபைகளில் இப்படிப் பேசினால், “பிரதர், நெகட்டிவா அறிக்கை பண்ணாதீங்க” என்று வாயை அடைத்திருப்பார்கள். மாலுமி பேச்சைக் கேட்டுக் கப்பலை எடுத்தார்கள், யூரோக்கிலிதோன் என்ற கடும்புயல் காற்றில் மாட்டினார்கள். பல நாள் சூரியனும் நட்சத்திரமும் தெரியவில்லை, தப்புவோம் என்ற நம்பிக்கை முழுக்க அற்றுப்போயிற்று. அந்த நேரத்தில் பவுல் எழுந்து நின்று சொல்வது: “திடமனதாயிருங்கள்... கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது.” கப்பல் போகும் என்பதும் அதே மூச்சில் வந்துவிடுகிறது. எனக்குச் சொல்லப்பட்டபடியே நடக்கும் என்று தேவனை நம்புகிறேன் என்கிறார். உடனே, ஆனாலும் ஒரு தீவிலே போய் விழுவோம் என்கிறார்.

அத்தோடு விடவில்லை. படகை இறக்கித் தப்பப் பார்த்த கப்பலாட்களைத் தடுக்கச் சொல்கிறார். பதினாலு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறீர்கள், சாப்பிடுங்கள் என்று சொல்லி, எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் செய்து, பிட்டு, தானும் சாப்பிடுகிறார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. கப்பல் உடைந்தது, 276 பேரும் கரை சேர்ந்தார்கள், சிலர் பலகையைப் பிடித்துக்கொண்டு. விசுவாச வார்த்தை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த அதிகாரத்தைத்தான் வாசிக்கச் சொல்வேன். கூடவே பயணம் செய்து இதை எழுதிய லூக்காவைக் கொலோசெயரில் பவுல் “பிரியமான வைத்தியன்” என்று குறிப்பிடுகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பவுலுக்கு யார் பிழைப்பார்கள் என்று தூதன் வந்து சொன்னான். உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு செய்தி வராமலே போகலாம். அதனால் சுகமாகிவிட்டேன் என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே அறிவிக்கத் தேவையில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் சொல்வேன்: “தைராய்டில் கட்டி இருக்கிறது. டெஸ்ட் எடுக்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. சுகம் தரும்படி ஆண்டவரிடம் கேட்கிறேன். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அவர் என்னைக் கைவிட மாட்டார்.” கடைசி வாக்கியம் அவநம்பிக்கை என்று யாராவது சொன்னால், எரிகிற சூளைக்கு முன்னால் நின்று, தேவன் விடுவிக்காமற்போனாலும் ராஜாவின் சிலையை வணங்கமாட்டோம் என்ற மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள் (தானியேல் 3:18). ராத்திரி தூக்கம் வராதபோது இணையத்தில் கட்டியைப் பற்றித் தேடுவதை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் நடுவில் பயம் புகுந்து பேசிவிடும். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எது என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஊசிப் பரிசோதனை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சபையில் உள்ளவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். பெரும்பாலும் அன்பினால்தான் சொல்கிறார்கள். அடுத்த முறை யாராவது “கட்டின்னு சொல்லாதீங்க” என்றால், “சரி அக்கா, டெஸ்ட் அன்னைக்குக் காலையில என்கூட லேபுக்கு வர்றீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள்.