டர்பனில் படிக்கப் போகும் பிள்ளைகள்: இரவு ஷிஃப்ட்காரனிடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் செக்யூரிட்டி கட்டுப்பாட்டு அறையில் 19 வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிப்ரவரியில் வகுப்பு தொடங்குகிறது, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மகளுக்கு ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் போய் வரட்டும் என்கிறார் அவள் அப்பா. ரெஸ்ஸில், அதாவது பல்கலைக்கழக விடுதியில், விடலாமா அண்ணா?

முதல் வருடம் ரெஸ்ஸில் விடுங்கள் அம்மா. நான் பார்த்தவரை தொல்லை வளாகத்துக்குள் குறைவு. கேட்டிலிருந்து மினிபஸ் டாக்ஸி நிற்கும் இடம் வரை நடக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் அதிகம். வீட்டிலிருந்து போனால் அது தினமும் இரண்டு முறை வரும். ஜூன் இங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. புரட்டாசி சனிக்கு வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள், போதும். ரெஸ்ஸில் இடமில்லாமல் வெளியே டிக்ஸ் (மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் அறை, வீடு) பார்ப்பதென்றால், பகலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். இரவு ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

நூலகத்திலிருந்து இரவு பத்து மணிக்கு க்ளென்வுட் வரை நடக்கிறேன். பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா அங்கிள்?

வாங்கலாம், உரிமம் தேவையில்லை. ஆனால் பெரும்பாலோர் அதைப் பையின் அடியில் போட்டு வைத்திருப்பார்கள். காற்று எதிரே அடித்தால் நம் கண்ணுக்கே வரும். அப்படிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்த பிள்ளைக்கு நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தனியாக நடக்காதே. ஷட்டில் இருந்தால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்துக்கொள். இல்லையென்றால் செக்யூரிட்டிக்குப் போன் பண்ணித் துணைக்கு ஆள் கேள். வெட்கப்பட எதுவுமில்லை, அதற்குத்தான் சம்பளம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு பையன், முதுகலை மாணவன், கேட்டுக்கு வெளியே பையைப் பிடுங்க வந்தவனோடு மல்லுக்கட்டினான். கத்தி உள்ளங்கையில் இறங்கியது. பிறகும் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஏன்டா விட்டுக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். “லேப்டாப்பில் இரண்டு வருட ஆய்வு இருந்தது அங்கிள், வேறு பிரதி இல்லை” என்றான். அதற்கப்புறம் எந்தப் பிள்ளை பாதுகாப்பு பற்றிக் கேட்டாலும், “உன் வேலைக்குப் பிரதி எங்கே இருக்கிறது?” என்றுதான் முதலில் கேட்பேன். பிரதி இருக்கிறவனுக்குப் பையை விட மனசு வரும்.

போன் பறிபோனால் முதலில் என்ன செய்வது?

முதலில் வங்கி. திருடனுக்குப் போனைவிட உள்ளே இருக்கும் பேங்க் ஆப் மேல்தான் கண். அப்புறம் சிம்மை முடக்கு. அதன்பின் போலீசில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்கு, அதை வைத்து நெட்வொர்க்கில் போனையே முடக்கச் சொல். அதற்குப் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். இப்போதே *#06# அழுத்து, வரும் 15 இலக்கத்தைத் தாளில் எழுது. வாரிக் டாக்ஸி நிலையத்தில் என் போன் போனபோது அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தேன், அந்தப் போனிலேயே.

மதுரையிலிருந்து வெஸ்ட்வில் வளாகத்துக்கு ஆய்வு மாணவனாக வந்திருக்கிறேன். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமா அண்ணா?

அசலைப் பூட்டி வை தம்பி. போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் நகலுக்குச் சான்று முத்திரை போட்டுத் தருவார்கள். பாஸ்போர்ட், விசா பக்கம் இரண்டுக்கும் வாங்கி, அதைப் பையில் வைத்துக்கொள். ஊபரோ போல்ட்டோ, நம்பர் பிளேட் ஒத்துப் போகாவிட்டால் ஏறாதே. செல்போனிலிருந்து அவசரத்துக்கு 112, போலீசுக்கு 10111.

என் தோழிக்கு ஒரு பார்ட்டியில் மோசமாக நடந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்கிறாள்.

கண்ணு, முதலில் அவள் சொல்வதை நம்பு. ஏன் போனாய் என்று கேட்காதே. போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு, ஆனால் மருத்துவமனைக்கு இன்றே போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வழக்குப் போடாமலே அதைக் கொடுப்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை, இரண்டிலும் துதுசேலா மையம் உண்டு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் மையம் அது. முடிந்தால் குளிக்காமல் போகட்டும். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். இப்படிப்பட்ட வன்முறைக்கு உதவி கேட்க 0800 428 428 இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள். நீ கூடவே போ.

வெஸ்ட்வில் ரெஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாமா?

தரைத்தளத்தில் வேண்டாம். மேல்மாடியில் இரவு திறந்துகொள், பகலில் அறையைவிட்டுப் போகும்போது மூடு. அங்கே குரங்குகள் அதிகம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா காணவில்லை என்று விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் எங்களுக்குப் போன் வரும். அதற்கெல்லாம் கேஸ் நம்பர் கிடையாது.