எஃப்12 அழுத்திச் செய்த திருத்தங்களை எப்படிச் சேமிப்பது? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடை, விடுதி, ஆலை ஆகியவற்றின் இணையதளங்களைப் பராமரிப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணினியில் பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தினால், பக்கத்தின் உள்ளமைப்பைப் பார்க்கவும் திருத்திப் பார்க்கவும் உதவும் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். எலிமென்ட்ஸ், ஸ்டைல்ஸ், சோர்சஸ் ஆகியவை குரோமில் அதன் பகுதிகள்.

பென்னாகரம்: ஒகேனக்கல் விடுதி ஒன்றின் இணையதளத்தில் அறை வாடகையை எலிமென்ட்ஸ் பகுதியில் மாற்றினேன். ரீலோட் செய்தவுடன் பழைய வாடகையே வந்துவிட்டது. சேமிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, ஐயா?

அப்படி ஒரு பொத்தான் அங்கே இல்லை. சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லை (பக்கம் எழுதப்பட்டுள்ள குறிமொழியை)ப் படித்து, பிரவுசர் தன் நினைவகத்தில் ஒரு மரவடிவ அமைப்பைக் கட்டிக்கொள்கிறது. எலிமென்ட்ஸ் பகுதி காட்டுவது அந்த அமைப்பைத்தான். பத்திரத்தின் ஜெராக்ஸ் நகலில் பேனாவால் எழுதினால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு மாறாததைப் போல, நீங்கள் திருத்தியது உங்கள் திரையில் இருந்த பிரதியை மட்டுமே. வாடகை பெரும்பாலும் தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கும். விடுதியாரிடம் தளத்தின் அட்மின் பக்கத்துக்கான கடவுச்சொல்லைப் பெற்று அந்தப் பக்கத்தில் மாற்றுங்கள். சேமிப்பது எப்படி என்று கேட்பதற்கு முன், மூலக் கோப்பு யாரிடம், எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழி அதைப் பொறுத்தே அமையும்.

கிருஷ்ணகிரி: மாங்கூழ் ஆலை ஒன்றின் வேர்ட்பிரஸ் தளத்திற்குப் புதிய நிறங்களும் எழுத்தளவும் கொடுத்துப் பார்க்கிறேன். முதலாளி ஒப்புக்கொள்ளும்வரை சர்வரைத் தொடாமல், என் கணினியில் மட்டும் இந்த மாற்றங்கள் நிலைத்திருக்குமா?

இருக்கும். 2018-இல் வெளிவந்த குரோம் 65 முதல், ஓவர்ரைட்ஸ் என்னும் வசதி இதற்காகவே உள்ளது. சோர்சஸ் பகுதியில் ஓவர்ரைட்ஸ் தாவலைத் திறந்து, கணினியில் ஒரு காலி ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, மேலே தோன்றும் அனுமதிக் கேள்விக்குச் சம்மதம் தெரிவியுங்கள். அதன்பின் ஸ்டைல்ஸ் பகுதியில், தனி சிஎஸ்எஸ் (நிறம், எழுத்தளவு போன்ற தோற்றத்தை வரையறுக்கும் மொழி) கோப்பிலிருந்து வரும் விதிகளில் நீங்கள் செய்யும் திருத்தங்கள் அந்த ஃபோல்டரில் பிரதியாகப் பதிவாகும். அடுத்த முறை பக்கம் திறக்கும்போது, சர்வர் அனுப்பிய கோப்புக்குப் பதிலாக உங்கள் பிரதியையே குரோம் பயன்படுத்தும். எச்டிஎம்எல்லைத் திருத்த வேண்டுமானால் எலிமென்ட்ஸ் பகுதி உதவாது. சோர்சஸ் பகுதியில் அந்தக் கோப்பையே திறந்து, திருத்தி, கன்ட்ரோல் எஸ் அழுத்த வேண்டும்.

இதற்குச் சில வரம்புகள் உண்டு. டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும்போது மட்டுமே ஓவர்ரைட்ஸ் செயல்படும். முதலாளி தம் கைப்பேசியில் பார்த்தால் பழைய தோற்றமே தெரியும் என்பதால், உங்கள் கணினியிலேயே காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டபின், மாற்றிய விதிகளை வேர்ட்பிரஸின் கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியிலோ சைல்டு தீமிலோ (தளத்தின் தோற்றத் தொகுப்பான தீமைச் சார்ந்து தனியே வைக்கும் துணைத் தொகுப்பு) இடுவதே முறை. தீமின் மூலக் கோப்பில் எழுதினால், அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். வேலை முடிந்ததும் ஓவர்ரைட்ஸை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தவர்கள், சர்வரில் ஏற்றிய புதிய கோப்பு ஏன் தெரியவில்லை என்று ஹோஸ்டிங் நிறுவனத்தாரோடு வாதாடுவது இத்தொழிலில் வழக்கமான காட்சி.

அரூர்: கல்லூரி புராஜெக்ட்டின் கோப்புகள் என் கணினியிலேயே உள்ளன. நேரடியாக அவற்றிலேயே சேமிக்கலாமா?

தாராளமாக. ஓவர்ரைட்ஸுக்கு மாறாக வொர்க்ஸ்பேஸ் வசதியைப் பயன்படுத்தி, புராஜெக்ட் ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். பொருந்திய கோப்புகளின் பெயருக்கருகே பச்சைப் புள்ளி தோன்றும். ஸ்டைல்ஸில் செய்யும் மாற்றம் உடனே கோப்பில் எழுதப்படும். எலிமென்ட்ஸ் திருத்தங்கள் இங்கும் சேமிக்கப்படா. பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகு உருவான அமைப்பில் எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைப் பின்னோக்கி உறுதியாகச் சொல்ல வழியில்லை என்பதே காரணம். ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களைக் கொண்டு எழுதியிருந்தால் இதற்காக மெனக்கெடாமல், வழக்கமான எடிட்டரிலேயே திருத்துங்கள்.

ஓசூர்: பல இடங்களில் ஸ்டைலை மாற்றிவிட்டேன், எவற்றை மாற்றினேன் என்பதே நினைவில்லை.

ரீலோட் செய்துவிடாதீர்கள். குரோமில் மோர் டூல்ஸ் பட்டியலில் உள்ள சேஞ்சஸ் பகுதி, நீக்கிய வரிகளையும் சேர்த்த வரிகளையும் தனித்தனி நிறத்தில் காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பு முதல் இன்ஸ்பெக்டரிலேயே (எலிமென்ட்ஸுக்கு இணையான பகுதி) இதே பெயரில் ஒரு தாவல் உண்டு. அனைத்தையும் ஒரே சொடுக்கில் நகலெடுக்கலாம். அதன் ஸ்டைல் எடிட்டரில், திருத்திய சிஎஸ்எஸ்ஸைக் கோப்பாகச் சேமிக்கவும் முடியும்.

பாலக்கோடு: கடைக்கு வந்த ஒருவர், பணம் அனுப்பியதாகத் தம் லேப்டாப்பில் வங்கிப் பக்கத்தைக் காட்டினார். அதையும் இப்படி மாற்றியிருக்க முடியுமா?

முடியும், அதுவும் ஒரு நிமிடத்திற்குள். முகவரிப் பட்டையில் வங்கியின் சரியான முகவரி அப்படியே இருக்க, கீழே உள்ள தொகையையும் தேதியையும் மட்டும் மாற்றிவிடலாம். மதிப்பெண் பக்கமும் முன்பதிவுச் சீட்டும் இதற்கு விலக்கல்ல. உங்கள் கணக்கில் வரவு வந்திருக்கிறதா என்பதை உங்கள் செயலியிலோ பாஸ்புக்கிலோ நீங்களே பார்த்த பிறகு சரக்கைக் கொடுங்கள்.

காவேரிப்பட்டணம்: மாற்றிய பக்கம் முழுவதையும் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

கன்ட்ரோல் எஸ் அழுத்தி, முழுமையான வலைப்பக்கம் என்னும் வகையைத் தேர்ந்தெடுங்கள். திருத்தத்துடன் கூடிய இப்போதைய நிலை சேமிக்கப்படும். எச்டிஎம்எல் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சர்வர் அனுப்பிய மூலமே கிடைக்கும். சேமித்த கோப்பைத் திறக்கும்போது அதிலுள்ள ஸ்கிரிப்ட்கள் மீண்டும் ஓடி, உங்கள் திருத்தத்தை மாற்றிவிடவும் கூடும்.

தேன்கனிக்கோட்டை: தினமும் படிக்கும் தளத்தின் எழுத்து மிகச் சிறியதாக உள்ளது. எனக்கு மட்டும் நிரந்தரமாகப் பெரிதாக்கலாமா?

ஸ்டைலஸ் என்னும் எக்ஸ்டென்ஷனை நிறுவி, அந்தத் தளத்திற்கென்று இரண்டு வரி சிஎஸ்எஸ் எழுதிவையுங்கள். டெவலப்பர் டூல்ஸைத் திறக்காமலேயே அது செயல்படும்.

போச்சம்பள்ளி: கைப்பேசி மட்டுமே உள்ளது. அதில் இவற்றைச் செய்யலாமா?

ஆண்ட்ராய்டு குரோமில் இக்கருவிகள் இல்லை. ஒரு கணினி கிடைத்தால், கைப்பேசியில் யுஎஸ்பி டீபக்கிங்கை (கேபிள் வழியே கணினி கைப்பேசியை அணுக அனுமதிக்கும் அமைப்பு) இயக்கி, கேபிள் மூலம் இணைத்து, கணினியிலுள்ள குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து கைப்பேசியில் திறந்திருக்கும் பக்கத்தைத் திருத்திப் பார்க்கலாம்.