பழைய பங்களா, பழைய சிம்னி: வாசகர் கேள்வி பதில்

மலையில் குளிர் இறங்கிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணப்பு, சிம்னி, புகை என்றே இருக்கின்றன, அதனால் கழிவறைக் கசிவு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குன்னூரில் எங்கள் தாத்தா காலத்து பங்களா. இத்தனை வருஷமும் ஒழுங்காக எரிந்த ஃபயர்பிளேஸ், போன குளிர்காலத்திலிருந்து கூடத்துக்குள்ளேயே புகையைத் தள்ளுகிறது. சிம்னியைச் சுத்தம் செய்தாயிற்று, அடைப்பு இல்லை. வந்து பார்த்தவர் உச்சியில் மோட்டார் ஃபேன் மாட்டச் சொல்கிறார். மாட்டலாமா? (வீட்டில் வேறு மாற்றம் ஏதும் செய்யவில்லை, மர ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி ஜன்னல் போட்டதும் சமையலறைக்கு எலக்ட்ரிக் சிம்னி வாங்கியதும் தவிர.)

பதில்: அந்த அடைப்புக்குறிக்குள்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது.

கணப்பு எரியும்போது சூடான காற்று குழல் வழியாக மேலே போகிறது, போன காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து புதுக்காற்று வீட்டுக்குள் வந்தாக வேண்டும். உங்கள் பழைய மர ஜன்னல்களில் விரல் நுழையாவிட்டாலும் காற்று நுழைகிற இடுக்குகள் இருந்தன, குளிர்கிறது என்று எல்லோரும் திட்டினாலும் கணப்பு அதை நம்பித்தான் எரிந்தது. யுபிவிசி ஜன்னலில் ரப்பர் பட்டி வைத்து அந்த இடுக்குகளை எல்லாம் மூடிவிட்டீர்கள். போதாக்குறைக்குச் சமையலறையில் உறிஞ்சும் இயந்திரம். கடையில் மணிக்கு 1200 கன மீட்டர் என்று எழுதித்தானே விற்கிறார்கள்? பதினைந்துக்குப் பதினைந்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அதிலுள்ள மொத்தக் காற்றையும் ஏட்டளவில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வெளியே தள்ளிவிடும் வேகம் அது. இறுக மூடிய வீட்டில் அவ்வளவு காற்றுக்கு அது எங்கே போகும்? திறந்து கிடக்கிற பெரிய ஓட்டை கணப்புக் குழல் ஒன்றுதான். அங்கிருந்து கீழ்நோக்கி இழுக்கிறது, புகையும் கூடவே வருகிறது.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. சமையலறை இயந்திரத்தை அணைத்துவிட்டு, கூடத்து ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துக் கணப்பை மூட்டுங்கள். புகை மேலே போனால் நோய் தெரிந்துவிட்டது. கணப்புக்குப் பக்கத்துச் சுவரிலோ, மரத்தளமாக இருந்தால் தரையிலோ, எலி நுழையாத வலை போட்ட காற்றுத்துளை ஒன்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். குளிரடிக்கிறது என்று அதைத் துணி வைத்து அடைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியும் புகைந்தால் அளவு பாருங்கள். கணப்பின் வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழலின் உள்பரப்பு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஒரு மாடிகூட இல்லாத பங்களாக்களில் சிம்னி குட்டையாக இருக்கும், அங்கே எட்டில் ஒரு பங்கு வேண்டும். வாய் 36 அங்குலம் அகலம், 30 அங்குலம் உயரம் என்றால் 1080 சதுர அங்குலம். குழல் ஒன்பதுக்கு ஒன்பது என்றால் வெறும் 81, போதாது. இதற்காகச் சிம்னியை இடிக்க வேண்டாம். ஒரு தகரத் தகட்டை வாயின் மேல்விளிம்பில் பிடித்துக்கொண்டு, நெருப்பு எரிகிறபோதே அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்குங்கள். எந்த இடத்தில் புகை உள்ளே வருவது நிற்கிறதோ அங்கே கரிக்கட்டியால் கோடு போட்டு, அந்த அளவுக்கு இரும்புத் தகடு ஒன்று அடித்து மாட்டிவிடலாம். வாயைச் சிறிதாக்கினால் இழுவை கூடும் என்பதை 1796-லேயே கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி எழுதி, பக்கச் சுவர்களைச் சாய்த்து, குழல் தொடங்கும் தொண்டையைக் குறுக்கிக் கட்டிக் காட்டினார். லண்டனில் அப்போது அதற்குப் பெரிய கிராக்கி. நம் மலை பங்களாக்கள் சிலவற்றிலும் பக்கச்சுவர் சாய்வாக இருப்பதைப் பார்க்கலாம். அழகுக்கு என்று நினைத்து அதை நேராக்கி டைல்ஸ் ஒட்டுகிறவர்களை என்ன சொல்வது!

உச்சியையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி, பத்தடி தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் இரண்டடி உயரம் சிம்னிக்கு வேண்டும். இடையில் மாடி எடுத்திருந்தாலோ தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தாலோ காற்று அதில் மோதி உங்கள் குழலுக்குள் இறங்கும்.

ஃபேன்? கடைசியாக.

கேள்வி: கொடைக்கானலில் பூர்வீக வீடு. சிம்னியின் செங்கல் இடுக்குகளில் சாந்து பொடிப்பொடியாக உதிர்கிறது. கொத்தனார், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு சிமெண்ட் வைத்து அடைத்தால் நூறு வருஷம் நிற்கும் என்கிறார்.

பதில்: நூறு வருஷம் நிற்பது சிமெண்ட்தான், செங்கல் அல்ல. பழைய செங்கல் மென்மையானது. அதைக் கட்டிய சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது, வேண்டுமென்றேதான் அப்படி. சூட்டில் சுவர் விரிந்து சுருங்கும்போது சாந்து வளைந்து கொடுக்கும், மழை ஈரம் அந்த இடுக்கு வழியாகவே உலர்ந்து போகும், தேய்வதும் சாந்துதான். சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலுக்குள் நிற்கும், கல்லின் முகம் அப்பளம் மாதிரி பெயர்ந்து விழும். சிம்னிக்கு இன்னொரு கேடும் உண்டு. புகையிலிருக்கும் சல்பேட் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சிமெண்டைத் தின்று ஊத வைக்கும், மழை அடிக்கிற பக்கம் அதிகமாக ஊதி சிம்னியே ஒரு பக்கம் சாயும். இங்கிலாந்தில் வளைந்து நிற்கும் பழைய சிம்னிகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

ஆக, சுண்ணாம்பு. நன்றாக ஊறிப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி (செங்கல் பொடி) ஒரு பங்கு, கழுவின மணல் இரண்டு பங்கு என்ற கலவை வெளிப்புறத்துக்குச் சரியாக வரும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தால்தான் பழைய முறை என்று யாராவது சொல்வார்கள். அது மேல்பூச்சுக்கு நல்லதுதான், இடுக்கு அடைக்க அத்தனை பிரயத்தனம் வேண்டாம். உதிர்ந்த சாந்தை ஓர் அங்குல ஆழம் வரை உளியால் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள், கிரைண்டரைக் கிட்டே விடாதீர்கள், ஒரே இழுப்பில் செங்கலின் விளிம்பை அறுத்துவிடும். இடுக்கைத் தண்ணீர் அடித்து நனைத்து, சாந்தை அழுத்தி வைத்து, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அதனால் மழைக்காலத்திலும் உறைபனி மாதங்களிலும் தொடாதீர்கள், மாசி பங்குனிதான் இதற்கு வாகான சமயம். சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும், வேலையாட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

நெருப்பு நேராகப் படுகிற அடுப்புக்குழிக்கு மட்டும் இது சரிப்படாது. அங்கே ஃபயர் பிரிக், ஃபயர் கிளே சாந்து. சாதா சிமெண்ட் அந்தச் சூட்டில் வெந்து நொறுங்கும்.

மேலே ஏறியிருக்கும்போதே சிம்னியும் கூரையும் சேருகிற இடத்தையும் பார்த்துவிடுங்கள். மழை ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். தாரை அப்பினால் இரண்டு மழைக்குத் தாங்கும். ஈயத் தகடோ துத்தநாகத் தகடோ மடித்து, அதன் மேல்விளிம்பைச் செங்கல் இடுக்குக்குள் செருகிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சிம்னியை வருஷா வருஷம் சுத்தம் செய்தே ஆக வேண்டுமா? அதற்கு ஆள் கிடைப்பதில்லை. தோட்ட வேலைக்கு வரும் பையன் ஒல்லியாக இருக்கிறான், உள்ளே இறங்கிச் சுரண்டுகிறேன் என்கிறான்.

பதில்: வேண்டவே வேண்டாம். சின்னப் பையன்களைச் சிம்னிக்குள் ஏற்றும் கொடுமை இங்கிலாந்தில் எத்தனையோ சாவுகளுக்குப் பிறகு 1875 சட்டத்தோடுதான் அடங்கியது. நாம் ஊட்டியில் அதை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பது கட்டாயம். டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துக் குழலுக்குள் பாருங்கள், ஒரு குச்சியால் சுரண்டுங்கள். கரி மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டால் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் கம்புகளும் குழல் அளவுக்குப் பிளாஸ்டிக் நார் பிரஷ்ஷும் வாங்கிவிட்டால் கீழேயிருந்தே வேலை முடியும், கணப்பு வாயை ஈரத்துணியால் மூடி நடுவில் கம்பு நுழைய மட்டும் ஓட்டை விட்டால் கூடமும் தப்பிக்கும். தேனடை, பறவைக்கூடு இருந்தால் அதுவும் அப்போது தெரியும்.

கரி சேர்வதன் வேகம் விறகைப் பொறுத்தது. வெட்டிய கையோடு வருகிற கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் எரித்தால், விறகிலுள்ள தண்ணீர் ஆவியாவதிலேயே சூட்டில் ஒரு பகுதி போய்விடும், குளிர்ந்த புகை குழலின் சுவரில் தாராகப் படியும். உள்ளே பளபளவென்று கண்ணாடி பூசினாற்போல் கருப்பாக இருந்தால் அந்தத் தார்தான், பிரஷ்ஷுக்கு அசையாது, தீப்பிடித்தால் பயங்கரமாக எரியும். விறகைப் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஒரு வருஷம் அடுக்கி வையுங்கள். நுனியில் வெடிப்பு விட்டிருக்கும், இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும், அதுதான் பதம்.

எப்போதாவது சிம்னிக்குள் ரயில் ஓடுவது போன்ற சத்தம் கேட்டு உச்சியில் பொறி பறந்தால், தண்ணீரை ஊற்றாதீர்கள், குழல் வெடித்துவிடும். குழலை அடைக்கிற டேம்பர் தகட்டை மூடப் போகாதீர்கள், புகை மொத்தமும் அறைக்குள் திரும்பும். கதவு ஜன்னலைச் சாத்திக் காற்றைக் குறைத்து, விருந்தினர்களை வெளியே அனுப்பிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். அணைந்த பிறகும், யாராவது தெரிந்தவர் உள்ளே பார்த்துச் சொல்கிற வரை அந்தக் கணப்பில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

கேள்வி: குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். காட்டேஜில் ஃபயர்பிளேஸ் வேலை செய்யவில்லை என்று ஒரு சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். புகையே இல்லை, கதகதப்பாகவும் இருந்தது. இது பரவாயில்லையா?

பதில்: இல்லை. புகை இல்லாததுதான் ஆபத்து. கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். மலைப்பாதையில் கார் ஏறி வந்தவர்கள் அதைக் கொண்டை ஊசி வளைவின் மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். அறைக்குள் கரி மூட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. அடுத்த முறை சட்டியோடு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் தோட்ட பங்களா ஒன்றில் குடியிருக்கிறோம். கணப்பைச் செங்கல் வைத்து அடைத்து வெகுகாலம் ஆகிறது. அந்தச் சுவரில் மட்டும் பழுப்புக் கறை, எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் திரும்ப வருகிறது.

பதில்: பெயிண்ட் காசு வீண். மேலே திறந்த குழலில் மழை இறங்குகிறது, அது பழைய கரியையும் உப்பையும் கரைத்துச் சுவருக்குள் கொண்டுவருகிறது, அடைத்த இடத்தில் காற்று போக வழியில்லாததால் உலரவும் மாட்டேன் என்கிறது. அந்த உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு, மழை நாளில் கறை கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். உச்சியில் மழை புகாத, ஆனால் காற்று போகிற மூடி. அடைத்த சுவரில், கீழே, ஒன்பதுக்கு மூன்று அங்குலத்தில் ஒரு கிராதி. ஒரு வெயில் காலம் முழுக்கக் காயவிட்டுவிட்டு, கறைபட்ட பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்துச் சுண்ணாம்பிலேயே மறுபூச்சு. மேலே மூடியைப் போடாமல் கீழே பூசினால் அடுத்த வருஷம் எனக்கு இதே கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு ஒட்டி வரிசையாகக் கட்டியது) ஒன்று வாங்கப் போகிறோம். கீழ் ஹோலில் சிம்னிச் சுவரை முன்பிருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள், இடம் நல்ல விசாலமாக இருக்கிறது. மேல் அறையில் அப்படியே இருக்கிறது. பயப்பட வேண்டியிருக்குமா?

பதில்: காசு கொடுக்கும் முன் கேட்டீர்களே, சந்தோஷம். மேலே மிச்சமிருக்கும் செங்கல் டன் கணக்கில் கனக்கும், கீழே இருந்தது எடுக்கப்பட்டபின் அதை எது தாங்குகிறது என்பதுதான் கேள்வி. இரும்பு உத்தரம் போட்டிருந்தால் நல்லது. மர விட்டங்களின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆபத்து. விற்பவரிடம் கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோல் முடிப்புச் சான்றிதழைக் கேளுங்கள். ‘எல்லாம் சரியாகச் செய்தது’ என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். சான்றிதழ் இல்லையென்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போய்த் தளத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இன்னொன்று: டெரஸ் வீட்டில் சிம்னி பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரில் இருக்கும். நீங்கள் மிச்சத்தை எடுக்க நினைத்தால் 1996-ஆம் வருஷத்து பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர்கள் இன்னும் தங்கள் குழலில் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: கணப்புச் சாம்பலை உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கொட்டலாமா? (கோத்தகிரி)

பதில்: வேண்டாம், சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும், கிழங்கில் சொறி வரும். தேயிலைக்கும் ஆகாது. முட்டைக்கோஸுக்குக் கொஞ்சம் தூவலாம். எதற்கென்றாலும் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, நாலு நாள் வைத்துவிட்டு எடுங்கள். அடியில் கங்கு அத்தனை நாளும் உயிரோடு கிடக்கும்.